நல்லெண்ணத்தின் பொறுப்பு

நல்லெண்ணத்தோடு ஒருவர் தொடங்கிய செயல் பின்னாளில் கொடுமையாய் முடிந்தால், அந்தப் பழியில் அவருக்குப் பங்கு உண்டா? பீட்டர் ஜோன்ஸின் வரலாற்றைப் படிப்பவர் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

கனடாவின் ஒண்டாரியோ ஏரிப் பகுதியில் 1802இல் பிறந்தவர் ஜோன்ஸ். தந்தை அகஸ்டஸ் ஜோன்ஸ், வெல்ஷ் வம்சாவளி நில அளவையாளர். தாய் டுபெனானீக்வே, மிசிசாகா ஒஜிப்வே இனத்தவர். ஏறத்தாழ 14 வயதுவரை தாயின் மக்களிடையே, அவர்கள் மொழியிலும் வேட்டை வாழ்விலும் பீட்டர் வளர்ந்தார். பிறகு மெதடிஸ்ட் திருச்சபைப் போதகராகி, ஞானப்பாடல்களை ஒஜிப்வே மொழியில் பெயர்த்தார். 1833இல் எலைசா ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார்.

குடியேறிகள் நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. தம் இன மக்கள் வாழ்ந்த கிரெடிட் ஆற்றங்கரை நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்டு 1838இல் விக்டோரியா அரசியையே அவர் நேரில் கண்டார். உறுதியான உரிமை கிடைக்கவில்லை. 1847இல் அம்மக்கள் அந்த நிலத்தை விட்டு வெளியேறினர். கல்வியும் கைத்தொழிலும்தான் இனி காக்கும் என்று நம்பிய அவர், பிள்ளைகள் தங்கிப் பயிலும் பள்ளிக்காகப் பிரிட்டனில் ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். பள்ளியை ஒஜிப்வேயரே நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் மவுண்ட் எல்ஜின் பள்ளி திறந்தபோது அதிகாரம் அவர்கள் கையில் இல்லை. பின்னாளில் அது, பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் அறுத்தெடுத்த உறைவிடப் பள்ளிகளுள் ஒன்றாயிற்று. 1946வரை நடந்தது.

முழுப் பழியையும் ஜோன்ஸ் தலையில் ஏற்றினால், பள்ளியை நடத்திய திருச்சபையும் அரசும் தப்பிவிடும். அது அநீதி. அதற்காக அவரை முற்றிலும் விடுவிக்கவும் இயலாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அவருடைய திட்டத்திலேயே இருந்தது. தாயின் மக்களிடம் வளர்ந்ததால்தான் அந்த மொழியில் அவரால் போதிக்க முடிந்தது. அந்த வளர்ப்பை அடுத்த தலைமுறைக்கு மறுக்கும் ஏற்பாட்டுக்கு அவரே உழைத்தார். பத்திரம் இல்லாத நிலம் நிலைக்காது என்று கண்டவர், நிர்வாக உரிமை இல்லாத பள்ளியும் கைவிட்டுப் போகும் என்பதை முன்கூட்டிக் காணவில்லை.

பிறர் பிள்ளைகளுக்கு நன்மை செய்யப் புறப்படும் எவரும், அன்று போலவே இன்றும், தம் மனம் தூயதா என்று கேட்டுக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது. பெற்றோர் வேண்டாம் என்று சொன்னால் இந்த ஏற்பாடு நிற்குமா என்றும் கேட்க வேண்டும். நிற்காது என்றால், அதைத் தொடங்காமல் இருப்பதே அறம்.