மிதித்தாலும் எழும் கோலம்

போன மார்கழியில் ஆழ்வார்பேட்டையில் ஒரு கோலம் போட்டேன். டி.டி.கே. சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் முன்கூடத்தில் நண்பர்கள் நடத்திய நான்கு நாள் ஓவியக் கண்காட்சிக்காக. மாவு இல்லை, வெறும் வெளிச்சம். உத்தரத்தில் ஒரு புரொஜெக்டர், பக்கத்தில் ஒரு பழைய கினெக்ட் கேமரா. கோலத்தில் கால் வைத்தால் அந்த இடத்தில் கோடுகள் கலையும். காலை எடுத்தால் இரண்டே விநாடியில் பழையபடி கூடிவிடும்.

கினெக்டை மைக்ரோசாஃப்ட் 2010 நவம்பரில் வீடியோ விளையாட்டுக்காகக் கொண்டுவந்தது. அந்த முதல் மாடல் வேலை செய்யும் விதம் கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: அது அறை முழுக்கப் புள்ளி வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள். குறுக்கே ஒரு கால் வந்தால் புள்ளிகள் இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறின என்பதை வைத்து, கால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று விநாடிக்கு 30 முறை கணக்குப் போடும். அந்தக் கணக்கையும் புரொஜெக்டரின் கணக்கையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டால், படம் விழும் தரைக்கே கண் முளைத்த மாதிரி. வெயிலில் மட்டும் பருப்பு வேகாது. சூரியனின் அகச்சிவப்பில் புள்ளிகள் காணாமல் போய்விடும். அதனால் கண்காட்சியை மாலையில் வைத்துக்கொண்டோம்.

பிள்ளைகள் குதித்துத் தீர்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், அந்த வீட்டு வாசலில் தினமும் விடியற்காலையில் கோலம் போடும் அக்கா வந்தார். ஓரத்திலேயே நின்றார். அப்புறம் சுவரை ஒட்டிச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்.

“மிதிக்கலாம்க்கா, திரும்ப வந்துடும்.”

“தெரியுது தம்பி. கால் வரமாட்டேங்குது.”

அழிந்துவிடுமே என்ற கவலை இல்லை அது. அவர் போடும் கோலமே மதியத்துக்குள் சைக்கிளிலும் செருப்பிலும் போய்விடும், மிச்சம் எறும்புக்கு. அதற்காக அவர் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. அப்படியானால் நாம் ஏன் கோலத்தைச் சுற்றிப் போகிறோம்? யாரோ ஒருவர் இங்கே குனிந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். கால் அவருக்குப் பதில் சொல்கிறது. என் கோலத்தில் இது தலைகீழ். அங்கே கோலம்தான் காலுக்குப் பதில் சொல்கிறது. கால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

“யாருக்கும் நஷ்டமில்லையேடா, இதுல என்ன அறம்?” என்றான் நண்பன். நியாயமான கேள்வி. பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது. உள்ளே குதித்த அதே பையன்கள் மறுநாள் காலையில் வாசல் கோலத்தைத் தாண்டித்தான் போனார்கள். வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் அவர்களிடம் எதையும் கேட்காத ஒன்றைச் செய்து வைத்திருந்தேன்.

கருவியின் மேல் குற்றமில்லை. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதே கேமராவையும் புரொஜெக்டரையும் வைத்து மணல்தொட்டி ஒன்று செய்தார்கள். மணலைக் குவித்தால் அதன் மேல் மலையின் நிறமும் உயரக் கோடுகளும் விழும். கையை மேலே நீட்டினால் மழை பெய்யும். ஆனால் மணல் நிஜம். மலையைக் கலைத்தால் கலைந்ததுதான். வேண்டுமென்றால் நீங்களே திரும்பக் குவிக்க வேண்டும்.

கடைசி நாள் நிரலில் ஒரு வரியை நீக்கினேன். இனி கலைந்த கோடு கூடாது. வாசலில் அதை எழுதியும் வைத்தேன்.

வந்தவர்களின் நடை மாறியது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள்: “இதை யார் போட்டது அங்கிள்?”

முந்தைய மூன்று நாளும் யாரும் கேட்காத கேள்வி. “நான்தான்” என்றேன். சொன்னதும் கூசியது. மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டினால் முழுக் கோலமும் திரும்ப வந்துவிடும் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அக்காவிடம் அப்படி ஒரு விசை கிடையாது. அவர் மறுபடி குனியத்தான் வேண்டும்.

அந்தச் சிறுமிக்கு நான் கற்றுக்கொடுத்தது அக்கறையா, ஏமாற்றா? இன்னும் எனக்குத் தெளிவில்லை. அன்று இரவு கண்காட்சி முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். வெறும் தரைதான். ஆனாலும் சுவரை ஒட்டித்தான் நடந்தேன்.