மாக்கோழியும் மீன் நீரும்

வியட்நாம் நாட்டில் பன்னிரண்டு நாள் தங்கி வரும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. ஹனோய், ஹுவே, ஹோ சி மின் நகர் ஆகிய மூன்று ஊர்களிலும் மாளிகைகளைக் கண்ட நேரத்தைவிடத் தெருவோரத்தில் அமர்ந்திருந்த நேரமே மிகுதி. அந்நாட்டு நகர வாழ்க்கை நடைபாதையில்தான் நடக்கிறது. சமைத்தல், உண்ணல், முடி திருத்தல், சதுரங்கம் ஆடுதல், குழந்தைக்குச் சோறூட்டல் யாவும் அங்கேயே. முழங்கால் உயரமும் இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் அலுவலரும் கூலியாளரும் ஒருங்கே அமர்ந்து காலை உணவை முடிக்கின்றனர். அருகில் மோட்டார் சைக்கிள்கள் ஓயாது பாய்கின்றன. தோளில் மூங்கில் தண்டும் அதன் இருபுறமும் கூடைகளுமாகப் பெண்கள் அந்த நெரிசலுக்கிடையே ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்து செல்வது காணத்தக்க காட்சி.

மாலை மங்கிய பிறகே தெரு முழு உயிர் பெறுகிறது. இரவுண்ணாமையை இயன்றவரை காப்பவனாதலால், அந்த விளக்குகளையும் புகையையும் அறைச் சன்னலிலிருந்து கண்டதோடு சரி. என் தெருவுணவெல்லாம் விடியற்காலையில்தான். அந்தக் காலை உணவு ஒன்றில் நேர்ந்த பிழையே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஹனோயில் முதல் நாள் காலை. பசி கடுமையாக இருந்தது. அந்நாட்டின் புகழ்பெற்ற ‘ஃபோ’ என்னும் நூலுணவு, மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த சாற்றில் ஆவது என்பதை முன்பே அறிந்திருந்தேன், அக்கடைகளைத் தவிர்த்தேன். ஒரு சந்தின் முனையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் சோயாக்கட்டிகளைப் பொன்னிறமாகப் பொரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேமியாவும் பச்சிலைகளும் பக்கத்தில் இருந்தன. ‘இதில் என்ன குற்றம் இருக்கும்?’ என்று எண்ணிக் கையால் சுட்டிக்காட்டி அமர்ந்தேன். தட்டுடன் ஒரு சிறு கிண்ணமும் வந்தது. தேன் நிறத்தில் தெளிந்த நீர். அதில் எலுமிச்சையும் மிளகாயும் மிதந்தன. தொட்டு உண்டேன். பாதி உண்ட பின், நான் தங்கியிருந்த விடுதியில் பணிபுரியும் இளைஞர் அவ்வழியே வந்தார். அவர் கிண்ணத்தைக் கண்டு தயங்கி, “ஐயா, இது மீன்” என்றார்.

அதற்கு ‘நுவோக் மாம்’ என்று பெயர். நெத்திலி மீனையும் உப்பையும் மரத்தொட்டிகளில் அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு ஊறவைத்து வடித்தெடுக்கும் நீர். ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெட் நகரும் இதற்குப் பெயர் பெற்றவை. நம் வீட்டில் உப்பு எங்கெல்லாம் சேருமோ அங்கெல்லாம் இது அந்நாட்டில் சேரும். கீரையிலும் சேரும், சோயாக்கட்டிக்கும் துணையாகும். உருவில் மீனின் அடையாளம் எதுவும் இராது. செதிளும் இல்லை, முள்ளும் இல்லை.

“அறியாமல் உண்டது குற்றமன்று” என்று உடன் வந்த நண்பர் தேற்றினார். எண்ணத்தால் செய்யும் பாவ இம்சையே மூலம், எண்ணமின்றி நிகழும் திரவிய இம்சை அத்தனை பிணிப்பதன்று என்னும் நம் ஆன்றோர் கொள்கையைத்தான் அவர் சுருங்கச் சொன்னார். எனக்கு அமைதி பிறக்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும். முதல் கவளத்திலேயே அந்த மணம் என் மூக்கில் பட்டது. ஏதோ ஐயம் எழவும் செய்தது. பசி அந்த ஐயத்தைக் கேள்வியாக மாறவிடவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர்க்கொலையைச் சோர்வுடைய மனத்தின் செயலாகவே வைத்துக் கூறுகிறது. நான் அறியாதவன் அல்லன். அறிய விரும்பாதவன்.

அன்று மாலையே அவ்விளைஞரிடம் ஒரு தொடர் கற்றுக்கொண்டேன். ‘தோய் அன் சாய்’, அதாவது ‘நான் சாய் உண்பவன்’. ‘சாய்’ என்பது புத்த நெறி சார்ந்த புலால் மறுத்த உணவு. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அந்நாட்டு மக்கள் பலர் இந்நோன்பு காக்கின்றனர். துறவியர் மடங்களில் எந்நாளும் இதுவே. மரபு வழுவாத சாய் அடுப்பில் மீன் நீர் மட்டுமன்றி வெங்காயம், பூண்டு முதலிய ஐந்து கார மணப் பொருள்களும் விலக்கப்படுகின்றன. இதைக் கேட்டபோது எனக்கு நாணமே உண்டாயிற்று. நம் இல்லங்கள் பலவற்றில் இன்று அந்தக் கட்டுப்பாடு எந்த நிலையில் உள்ளது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகராக இருந்த ஹுவேயில் புத்தர் கோயில்கள் மிகுதி. சாய் உணவகங்களும் மிகுதி. பதினைந்தாம் நாளன்று அத்தகைய ஓர் உணவகத்திற்குச் சென்றேன். கூட்டம் நிரம்பி வழிந்தது. ‘இனி ஐயமில்லை’ என்று அமர்ந்தவன் முன் ஒரு முழு மீன் வந்து இறங்கியது! கண், வால், துடுப்பு, பொரித்த தோல் எல்லாம் இருந்தன. அடுத்த மேசையில் ஒரு கோழி. இரண்டும் சோயாவாலும் கோதுமைப் பசையாலும் செய்யப்பட்டவை. ஓர் உயிரின் அணுவளவும் அவற்றில் இல்லை.

ஹனோயில் மீன் இருந்தது, மீனின் உருவம் இல்லை. இங்கே உருவம் இருந்தது, மீன் இல்லை. இரண்டில் எது விலக்கத்தக்கது?

யசோதர காவியத்தைக் கற்றவர்க்கு இவ்விடத்தில் அந்த மாக்கோழி நினைவுக்கு வராமல் போகாது. தாய் சந்திரமதியின் சொல்லைத் தட்ட முடியாமலும் உயிர்க்கொலைக்கு அஞ்சியும் யசோதரன் மாவினால் ஒரு கோழி செய்து தேவிக்குப் பலியிட்டான். தாயும் மகனும் அதன் பயனாய் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றதைக் காவியம் விரித்துரைக்கிறது. மாவை வெட்டியவனுக்கு அந்தக் கதி என்றால், மாவை மீனாக்கி உண்பவனுக்கு?

உணவகத்தை நடத்தும் மூதாட்டியாரிடம் இளைஞர் ஒருவர் வழியாக இதைக் கேட்டேன். கதையை அவர் கவனமாகக் கேட்டார். பின் கூட்டத்தைக் காட்டி, “இவர்களுள் பெரும்பாலோர் நாளைக்கு மீன் உண்பவர்கள். இந்த உருவம் இல்லாவிட்டால் இன்றும் இங்கு வரமாட்டார்கள்” என்றார்.

இவ்விடையை நான் எளிதில் ஒதுக்க இயலவில்லை. யசோதரன் மாக்கோழியை வெட்டியபோது, உயிர்க்கோழியை வெட்டினால் வரும் பயனை வேண்டினான். அவன் மனம் கொலையை நோக்கி நடந்தது; கை மட்டும் பின்தங்கியது. ஹுவேயில் உண்டவர்களோ கொலையிலிருந்து ஒரு நாளேனும் விலகி நடக்க வந்தவர்கள். நாக்கு மட்டும் பின்தங்கியிருந்தது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது நியாயமாகத் தோன்றவில்லை. ஹனோயில் ‘ஹாங் மா’ என்றொரு தெரு உண்டு. முன்னோர்க்கு எரித்துப் படைக்கும் காகிதப் பணமும் காகித வீடும் காகிதக் குதிரையும் அங்கே விற்கின்றன. அம்மக்களுக்குப் பொய்யுரு என்பது ஏமாற்றன்று. மெய்ப்பொருளைச் செலவிடாமல் மனத்தை நிறைக்கும் வழி.

ஆயினும் நான் அந்த மீனைத் தொடவில்லை. புலால் புகாத இல்லத்தில் பிறந்து, மீனின் சுவை இன்னதென்று அறியாத ஒருவன், அந்த உருவத்தை விரும்பி உண்ணத் தொடங்கினால் அவன் நடை எத்திசையில்? அவர்களுக்கு ஏறும் படியாக இருக்கும் அதே தட்டு எனக்கு இறங்கும் படியாகும் என்றே கருதினேன். இக்கருத்தில் என்னைப் பற்றிய பெருமிதமும் சிறிது கலந்திருந்ததோ என்னும் ஐயம் இன்னும் தீரவில்லை. பலாக்காய்க் கூட்டும் கீரையும் சோறும் உண்டு எழுந்தேன். அம்மூதாட்டியார் தொடாத மீனைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் நாளில் மீண்டும் ஹனோய். அதே சந்து, அதே அம்மையார். விடுதி இளைஞரும் உடன் வந்தார். அமர்வதற்கு முன்பே, கற்ற தொடரைச் சொன்னேன். அவர் கிண்ணத்தை நீரில் கழுவித் துடைத்து, உப்பும் எலுமிச்சையும் மிளகாயும் மட்டும் இட்டு என் முன் வைத்தார். பிறகு இளைஞரிடம் ஏதோ வினவினார்.

“இன்று மட்டும் சாயா, எந்நாளும் சாயா என்று கேட்கிறார்.”

“எந்நாளும்” என்றேன்.

அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்து முக்காலிகளில் இருந்தவர்களும் சிரித்தனர். இளைஞர் அதை மொழிபெயர்க்கச் சற்றே தயங்கினார். அவர் நினைவில் என்னுடைய முதல் நாள் காலை இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.