‘தெரிந்தே’ என்ற ஒரு சொல்

டிமென்ஷியா என்றதும் எல்லோருக்கும் மறதிதான் நினைவுக்கு வருகிறது. பேரன் பெயர் சொல்கிறார், வீட்டுக்கு வழி தெரிகிறது, ஆகவே வண்டி ஓட்டட்டும் என்று விட்டுவிடுகிறோம். இந்த அளவுகோல் அல்சைமருக்கே போதாது. அதிகம் கேள்விப்படாத வகைகளில் ஆளையே பலிவாங்கிவிடும். மூளையின் முன்பகுதி சுருங்கும் ஃப்ரன்டோடெம்போரல் வகை, பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள், சம்பாதிக்கும் காலத்திலேயே வருகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ‘நிற்கணும்’ என்பார். சிக்னலில் நிற்காமல் போவார். லூயி பாடி வகையில் காலையில் தெளிவாக இருப்பவர் மதியம் தடுமாறுவார். சாலையில் இல்லாத குழந்தையைக் கண்டு சட்டென்று பிரேக் பிடிப்பார். மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டவருக்குக் கண்ணில் கோளாறு இருக்காது. எதிரே வரும் ஒட்டன்சத்திரம் பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதுதான் பிடிபடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவு, பிறருக்கு ஆபத்தாகக்கூடிய நோய் தனக்கு இருப்பது தெரிந்தே ஓட்டுபவரைத்தான் தண்டிக்கிறது. சிக்கல் அந்தத் ‘தெரிந்தே’யில் இருக்கிறது. பின்மூளை வகை நோய் இருப்பதை 2007-ல் அறிவித்த ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட், தன் ஓட்டுநர் உரிமத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். முன்மூளை நோயாளியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ‘எனக்கு என்ன குறை?’ என்று அவர் கேட்பது வீம்பினால் அல்ல, தன் குறையை உணரும் திறனையே நோய் பறித்துக்கொண்டதால். உரிமம் புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்கிறார்கள், உண்மைதான். ஆனால் சில நிமிடப் பரிசோதனையில் இந்த நோய் முகம் காட்டாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர் மீதுதான் பொறுப்பும் விழுகிறது. மகன் வாய்மூடி இருந்தால் அந்தத் ‘தெரிந்தே’ மகனுடையதாகிவிடுகிறது.

‘எக்ஸெல் வண்டிதானே, என்ன வேகம் போகப்போகிறார்?’ என்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரம் இரவெல்லாம் ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அந்த ஓரத்துக்கு ஒரு எக்ஸெல் சாய்ந்தாலே போதும். நோய் என்று பெயர் வந்த அன்றே எல்லோரிடமும் சாவியைப் பிடுங்குவது அநியாயம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அல்சைமரின் தொடக்கத்தில் சாலையில் ஓட்ட வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். மேலே சொன்ன மூன்று வகைகளில் அந்த அவகாசம் மிகக் குறைவு. வண்டி போனால் மனிதர் ஒடிந்துபோவார் என்பதுதான் கனமான ஆட்சேபம். விடியலில் பூ மார்க்கெட்டுக்கு வண்டியில் போய்ப் பழகியவருக்குச் சாவி என்பது தொழில், சிநேகிதம், மரியாதை எல்லாம்தான். அதனால் சாவியை வாங்கும் கைக்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. நாளை விடியலில் அவரைப் பின்னால் உட்காரவைத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், மறுநாளும்.