விழாத இறக்கை

2024 ஜூன் 6 அன்று ஸ்டார்ஷிப் விண்கலம் நான்காவது முறையாகப் பறந்தது. டெக்சாஸ் கடற்கரையில் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. உள்ளே ஆள் இல்லை. என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது அதன் ஒரே ஒரு முன் இறக்கை.

வளிமண்டலத்துக்குள் நுழையும்போது, கலத்தின் உடம்பிலேயே பொருத்திய கேமரா அந்த இறக்கையை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்மா. இறக்கை உடலோடு சேரும் மூட்டில் முதலில் ஒரு பொறி. பிறகு விளிம்பு சிவந்தது, வெப்பக் காப்பு ஓடுகள் பிய்ந்தன, எஃகு உருகித் துணுக்குத் துணுக்காகப் பறந்தது. தெறித்த துகள்கள் கேமராக் கண்ணாடியில் அப்பின, கண்ணாடியில் விரிசல் விழுந்தது. பாதி கரைந்துபோன அந்த இறக்கை, கடலை நெருங்கும் கடைசிக் கட்டத்தில், தனக்கு இட்ட வேலையைச் செய்ய அசைந்தது. கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் ஊழியர்கள் போட்ட கூச்சல் ஒளிபரப்பிலேயே கேட்டது. நானும் கைதட்டினேன். கண்ணில் நீர் வந்தது.

எதற்கு வந்தது? எஃகுத் தகடு எரிந்ததற்கா, எரிந்தும் விழாததற்கா?

சின்ன வயதில் மதுரை தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருக்கிறேன். பலகைக் கிணற்றின் விளிம்பில் எல்லோரும் குனிந்து நிற்போம். கீழே மோட்டார் சைக்கிள் சுவரில் ஏறிச் சுற்றும். ஓட்டுபவர் இரண்டு கையையும் விட்டுவிட்டு, மேலிருந்து நீட்டும் ரூபாய் நோட்டைப் பறித்துக்கொண்டு போவார். பலகை அதிரும். பெரியம்மா மட்டும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "விழ மாட்டான்னு தெரிஞ்சா ஒரு பய டிக்கெட்டு வாங்குவானாடா?" என்றார். அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கொலம்பியா விண்கல விபத்தைப் பற்றி எப்போதோ படித்ததும் இதோடு சேர்ந்து வருகிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். சிதறி விழுந்தவற்றுக்கிடையே டெக்சாஸில் ஒரு வீடியோ நாடா கிடைத்தது. திரும்பி வரும் வழியில் விமானி அறைக்குள் எடுத்தது. விண்வெளி வீராங்கனை லாரல் கிளார்க் கேமராவைப் பிடித்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பிளாஸ்மா ஒளி. அதைப் பார்த்து வியந்து, சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆபத்து வெளிப்படும் முன்பே படம் முடிந்துவிடுகிறது. நாடாவின் மீதிப் பகுதி கருகிவிட்டது.

அவர்கள் ஜன்னலில் பார்த்ததும் நான் திரையில் பார்த்ததும் ஒரே நெருப்புதான்.

கேமராவை எனக்காக வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொலம்பியா கிளம்பிய 82 வினாடிக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைக் கட்டி இடது இறக்கையில் மோதியது. விபத்துக்குக் காரணம் அதுதான். தரையிலிருந்து எடுத்த படத்தில் மோதல் தெரிந்தது, காயத்தின் ஆழம் தெரியவில்லை. அந்தப் பயணத்தில் தொட்டியில் கேமரா கிடையாது. 2005 ஜூலையில் டிஸ்கவரி விண்கலம் கிளம்பியபோது இருந்தது. மறுபடி ஒரு கட்டி பிய்வதை அது காட்டியது. இறக்கையில் படவில்லை. ஆனாலும் அடுத்த பயணம் ஏறத்தாழ ஓராண்டு தள்ளிப்போனது. பார்க்க முடிந்ததால் எடுத்த முடிவு அது. பொறியாளரின் கண் அப்படிப் பார்க்கிறது, எங்கே கிழிகிறது என்று தேடுகிறது. ஸ்டார்ஷிப்பின் முன் இறக்கைகளையும் பிறகு வெப்பத்தை விட்டு ஒதுங்கிய இடத்துக்கு மாற்றினார்கள். என் கண் எதைத் தேடியது?

அப்போலோ காலத்தில் பூமிக்குத் திரும்பும் கலத்தைப் பிளாஸ்மா சூழும்போது ரேடியோத் தொடர்பு அறுந்துவிடும். தரையில் இருந்தவர்கள் சில நிமிடங்கள் எதுவும் அறியாமல் காத்திருந்தார்கள். இப்போது ஸ்டார்ஷிப்பின் பருமனான உடல் தனக்குப் பின்னால் ஓர் இடைவெளியை விட்டுச் செல்கிறது. அதன் வழியே மேலிருக்கும் செயற்கைக்கோள்களுக்குப் படம் போகிறது. அந்தக் காத்திருப்பில் ஒரு மரியாதை இருந்ததாக எனக்குப் படுகிறது. அதற்காகக் கேமராவை அணைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆளில்லாத கலம், அதனால் கைதட்டியதில் தவறில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஏற்க மறுக்கிறது. தட்டிய அந்த நேரத்தில் ஆள் இல்லை என்ற நினைப்பே எனக்கு இல்லை. அந்த இறக்கை தாங்க வேண்டும் என்று ஓர் உயிருக்காக வேண்டுவதுபோலத்தான் வேண்டினேன். அதே சமயம், அது எரியாமல் இறங்கியிருந்தால் இவ்வளவு நேரம் அதை நினைத்துக்கொண்டிருக்கவும் மாட்டேன். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றோடு ஒன்று பொருத்த எனக்குத் தெரியவில்லை.

மனிதர்களையும் ஏற்றிச் செல்லத்தான் அந்தக் கலத்தைக் கட்டுகிறார்கள். அவர்கள் ஏறும் நாளிலும் கேமரா இருக்கும், நேரலை இருக்கும். அன்று நான் பார்ப்பேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. நீங்கள் பார்ப்பீர்களா?