கவசத்துக்குள் கல்யாணி

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரை வருஷம் முழுக்கப் போய்க் கும்பிடலாம். கண்ணில் படுவது மட்டும் அவர் மேல் சார்த்தியிருக்கும் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே மூன்று நாள் அதைக் கழற்றுகிறார்கள். புனுகும் சாம்பிராணித் தைலமும் பூசிய புற்று வடிவ லிங்கத்தைப் பார்க்க அந்த மூன்று நாளும் வடசென்னை திரண்டு வந்து நிற்கும். எண்ணூர்ப் பக்கம் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர், காசிமேட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவர், முழங்கால் வலியோடு மதிலைப் பிடித்துக்கொண்டு நகரும் பாட்டி என்று வரிசை தெருவரைக்கும் நீளும். சன்னதி முன்னால் கிடைப்பது சில நொடி. அதற்குள் "நகருங்க, நகருங்க" என்று குரல் வந்துவிடும். வெளியே வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒருவருக்குப் புற்று தெரிந்திருக்கும், ஒருவருக்குத் தைலத்தின் மினுமினுப்பு, இன்னொருவருக்கு வாசனை மட்டும். மூவரும் பார்த்தது ஒன்றைத்தானா?

இசை ரசிகர்களின் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கல்யாணி ராகத்தில் இந்தப் பாட்டை யார் பாடியது உசத்தி, எந்த வருஷத்துப் பதிவில் நிரவல் பிரமாதம், யார் சாகித்தியத்தைக் கொன்றார்கள் என்று விடிய விடிய நடக்கும். வெளியில் இருப்பவருக்கு அது வேலை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு. திருவொற்றியூர் வரிசையில் நின்று யோசித்தால் அதன் அடியில் ஒரு பழைய கேள்வி கிடப்பது தெரியும். ஒரே பாட்டைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாட்டு எங்கே இருக்கிறது?

கேள்விக்கு உள்ளூர்ச் சான்றே கிடைக்கிறது. தியாகராஜர் (1767–1847) முதிய வயதில் சென்னைப் பக்கம் வந்தபோது, சீடர் வீணை குப்பய்யரின் அழைப்பை ஏற்றுத் திருவொற்றியூருக்கும் வந்தார். இந்தக் கோயிலின் வடிவுடையம்மன் மேல் ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள் பிறந்தன: கல்யாணி, பேகடா, சாவேரி, சுத்த சாவேரி, ஆரபி. திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று பெயர். வந்தவரின் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் பிறந்த திருவாரூரின் தியாகராஜரும் மறைந்தே இருப்பவர். முகம் மட்டும் காட்டுவார், பாத தரிசனத்துக்கு மார்கழித் திருவாதிரைக்கோ பங்குனி உத்திரத்துக்கோ போக வேண்டும். மறைந்திருக்கும் கடவுளின் பெயரைச் சுமந்தவர், மறைந்திருக்கும் இன்னொரு கடவுளின் வாசலில் வந்து பாடியிருக்கிறார்.

அவர் பாடியதை யாரும் பதிவு செய்யவில்லை, செய்திருக்கவும் முடியாது. எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877ல்தான். கையில் இருப்பது சீடர்கள் சொல்லிச் சொல்லி வந்தது. உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று சீட பரம்பரைகள் பிரிந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடாந்தரம். ஒரு பரம்பரையில் உள்ள சங்கதி இன்னொன்றில் இருக்காது. பின்னால் வந்த வித்வான்கள் சேர்த்த சங்கதிகள் வேறு. குப்பய்யரின் மகனுக்கு குருவின் பெயரே வைக்கப்பட்டது: திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917). 1900ல் அவர் 'பல்லவி ஸ்வர கல்பவல்லி'யை ஸ்வரப்படுத்தி அச்சில் கொண்டுவந்தார். காகிதத்தில் ஏறிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பியிருக்க வேண்டும்.

காகிதத்தை நம்பியவர்களின் கதையை ஐரோப்பாவில் பார்க்கலாம். அங்கே பாக்கும் பேத்தோவனும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எழுதி அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பியானோவிலோ கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம்தான் பேசும், வழுக்கி அசைய வழியில்லை. ஆகவே எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் அல்லவா? பேத்தோவன் தன் 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டாவுக்கு மெட்ரோனோம் எண்ணே போட்டுக் கொடுத்தார், 138 என்று. 1932 முதல் 1935 வரை லண்டனில் பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுசாகப் பதிவு செய்த ஆர்தர் ஷ்னாபெல் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் சறுக்குவது தட்டிலேயே கேட்கும். மற்ற பலர் அந்த எண்ணையே ஒதுக்கிவிட்டு நிதானமாக வாசித்தார்கள். கனடாக்காரர் க்ளென் கூல்டு இன்னும் ஒரு படி மேலே போய்த் தன்னோடு தானே மாறுபட்டார். பாக்கின் 'கோல்ட்பர்க்' வேறுபாடுகளை 1955ல் பதிவு செய்தபோது 38 நிமிடத்துச் சொச்சத்தில் முடித்தவர், 1981ல் அதையே 51 நிமிடத்துக்கு நீட்டினார். இரண்டிலும் தொண்டைக்குள் முனகுகிறார். மேடையை 1964லேயே விட்டுவிட்ட மனிதர் அவர். 1955 கட்சி, 1981 கட்சி என்று பியானோ ரசிகர்கள் இன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். எழுதிய காகிதம் ஒன்று, வாசித்த கை ஒன்று, பாட்டு மட்டும் இரண்டாகிவிட்டது.

அதே கேள்வியோடு திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டைக்கு வர வேண்டும். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை அது. காலெட்பேட்டை நாளடைவில் மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது, இப்போது மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் அப்படியே. 1876ல் அங்கே பிறந்தவர் டைகர் வரதாச்சாரியார். அவர் பாட்டின் ஒலிப்பதிவு என்று கிடைப்பது கொஞ்சமே. அதிகம் கிடைப்பது அவரிடம் பாடம் கேட்டவர்கள் பாடியது. அதில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஒருவர் ஜி.என். பாலசுப்பிரமணியம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசை டிப்ளமோ வகுப்பில் டைகரிடம் படித்தவர். மற்றவர் எம்.டி. ராமநாதன், கலாக்ஷேத்திராவில் டைகரோடு கூடவே இருந்து, தன் கீர்த்தனைகளின் முத்திரையைக்கூட 'வரததாஸ' என்று குருவின் பெயரில் வைத்துக்கொண்டவர்.

ஜி.என்.பி.யின் பிருகா மேலே போகும்போது கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். எம்.டி.ஆரோ கீழ் சுருதியில், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக அவசரமே இல்லாதவராக உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று அவரைப் பிடிக்காதவர்கள் கிண்டல் செய்வார்கள். பிடித்தவர்களுக்கு அந்த இடைவெளிதான் சங்கீதம். ஒரே குருவிடமிருந்து இப்படி இரண்டு துருவம். எது டைகர்? ஜி.என்.பி. வேறு பல இடங்களிலும் இருந்து எடுத்துக்கொண்டவர், எம்.டி.ஆர்தான் நேர் வாரிசு என்பது வழக்கமான பதில். அது பாதி உண்மைதான் என்று தோன்றுகிறது. குருவுக்குள் எத்தனை வழிகள் இருந்தன என்பதைச் சீடர் ஒருவரை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது. மூலவரைப் பார்க்க முடியாத ஊரில் இரண்டு உற்சவர்கள் இரண்டு வீதியில் புறப்பட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

கோயிலில் யாரும் இப்படி ஒப்பிடுவதில்லையே, இசைக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்த வீண் வேலை என்று பக்தர் ஒருவர் கேட்கலாம். ஒப்பிடுவதில்லை என்று யார் சொன்னது? வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதிப் பிராகாரத்தில் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். "போன வாரம் புடவைக்கட்டு இன்னும் நல்லா இருந்துச்சு." "சந்தனக்காப்புன்னா எங்க ஊர்ல செய்யறதைப் பாக்கணும்." அலங்காரத்தை அலங்காரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அலங்காரமே அம்மன் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. அலங்காரம் வழியாக அல்லாமல் வேறெப்படிப் பார்ப்பது என்றும் யாரும் கேட்பதில்லை.

திருவொற்றியூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் மணலி. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் சுத்திகரிப்பு ஆலையும் டேங்கர் லாரியும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் அது துபாஷி குடும்பமான மணலி முதலியார்களின் ஊர். அவர்கள் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கினார். மகன் முத்துசுவாமி (1775–1835) அப்போது இளைஞர். சின்னய்யா முதலியார் தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கவைத்தார். தம்பி பாலுசுவாமி அங்கே பிடில் கற்றுக்கொண்டார், கர்நாடகக் கச்சேரிக்கு வயலின் வந்த வழிகளில் அது முக்கியமானது. அண்ணன் அந்த மெட்டுகளைக் காதில் வாங்கிக்கொண்டு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நொட்டு ஸ்வரம் என்று பெயர் பெற்ற அவை சுமார் 40. கமகம் இல்லாத, சங்கராபரணச் சாயலில் நேராக நடக்கும் சின்னச் சின்ன மெட்டுகள், பியானோவில் குழந்தைகூட வாசித்துவிடலாம். அதில் ஒன்று, 'சந்ததம் பாஹிமாம்' என்று தொடங்குவது, பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான்.

இந்த இடத்தில் நம் கேள்வி தலைகீழாகத் திரும்புகிறது. இதுவரை பாட்டு ஒன்று, பாடுபவர்கள் பலர். இங்கே மெட்டு ஒன்று, பாட்டு இரண்டு. கோட்டைக்குள் சிப்பாய்கள் விறைப்பாக நின்று அரசருக்கு வாசித்த அதே ஏழெட்டு அடிகள், மணலி வீட்டுத் திண்ணையில் அம்பிகை துதியாகிவிட்டன. ஸ்வரங்களில் பக்தி இருந்தால் சிப்பாயும் பக்தராகியிருக்க வேண்டும். பக்தி சொல்லில்தான் இருக்கிறதென்றால், சமஸ்கிருதம் புரியாத குழந்தை பாட்டு வகுப்பில் அதைப் பாடும்போது என்ன ஆகிறது? முத்துசுவாமி தீட்சிதர் இதையெல்லாம் தத்துவமாக எழுதிவைக்கவில்லை. கேட்டது பிடித்தது, தன் தேவிக்குக் கொடுத்துவிட்டார். அதே தீட்சிதர் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் மேல் ஆரபியில் கீர்த்தனை செய்திருக்கிறார், அங்கே கோட்டை வாத்தியத்தின் நிழல்கூடக் கிடையாது.

ஒலிப்பதிவு வந்தபோது பாட்டின் உருவத்துக்குப் புது ஆபத்தும் வந்தது. ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) மீட்டுவதற்குச் சுண்டுகோல் போடாதவர், வெறும் விரலால் வாசித்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பு. வித்வான்களே அங்கே வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு இருமல் வந்தாலும் அபசாரம். அவருடைய வாசிப்பு 1930களின் தொடக்கத்தில் தட்டில் ஏறியது. 78 சுற்றுத் தட்டு என்பது அரக்குக் கலவையில் செய்த கனமான, கை தவறினால் பீங்கான் போல உடைகிற சாமான். சாவி கொடுத்து, எஃகு முள்ளை ஓரத்தில் இறக்கினால் முதலில் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து மெல்ல வீணை. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம்தான். ராகம் சூடு பிடிக்கும் நேரத்தில் முள் நடுவட்டத்துக்கு வந்து நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தட்டு ஒரு ஞாபகக் குறி. பின்னால் வந்தவர்களுக்கு அதுவே தனம்மாள். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அதே பாடாந்தரத்தை வாய்ப்பாட்டில் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். தட்டில் இல்லாத நீளமும் நிதானமும் அவர்கள் குரலில் உண்டு, ஆனால் வீணை இல்லை. பாட்டியைத் தேடுகிறவர் தட்டிடம் போவதா, பேத்திகளிடம் போவதா? இரண்டிடமும் போகாமல் தீராது. தட்டை மட்டும் பிடித்துக்கொண்டவர்களின் கதி தெரிந்ததுதான். பிரபலமான பதிவு ஒன்றை மனப்பாடம் செய்து, அதில் பாடகர் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கும் இளைஞர்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. கவசத்தையே வார்த்து எடுத்துக் கவசத்துக்கு மேல் போட்டது போல.

ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது. 1910ல் கட்டியது. உள்ளே எரியும் தீ அன்றிலிருந்து அணையவில்லை, பார்சிகள் அல்லாதவர் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. இன்று எரிவது 1910ல் எரிந்த அதே தீயா? விறகு மாறிவிட்டது, ஊட்டும் கைகள் மாறிவிட்டன. முதல் ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் ஒன்றா என்று பௌத்தர்களின் மிலிந்தன் கதையில் துறவி நாகசேனர் அரசனிடம் கேட்டது இதையேதான். பாடாந்தரம் என்பதும் இப்படி ஊட்டி வளர்க்கிற தீதான். ஊட்ட மறுத்த ஒருவரும் உண்டு, அவர் தகப்பன் வழியில் பார்சி. இங்கிலாந்தில் பிறந்த கைகுஸ்ரு சொராப்ஜி (1892–1988) 1930ல் நான்கு மணி நேரம் போகும் பியானோ படைப்பை எழுதி முடித்தார். தகுதியில்லாதவர்கள் கையில் தன் இசை சிக்கக்கூடாது என்று அதற்குப் பின் பல பத்தாண்டுகள் யாரும் அதை மேடையில் வாசிப்பதை விரும்பாமல் தடுத்துவைத்தார். 1976ல்தான் மனம் இளகினார். அதுவரை அந்த இசை காகிதத்தில் இருந்ததா, இல்லவே இல்லையா? கார்த்திகையில் மட்டும் கவசம் திறக்கும் கோயிலைவிடக் கெடுபிடியான கோயில் அது.

சைவ சித்தாந்திகளிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. சிவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலை. லிங்கம் மூன்றாவது: முகமும் கையும் இல்லை, ஆனால் கண்ணுக்குப் படுகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது. கீர்த்தனையை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தியாகராஜர் மனத்தில் உதித்தது அருவம். அதை யாரும் கேட்டதில்லை. கூல்டின் 1955 பதிவு, 1981 பதிவு, எம்.டி.ஆரின் விளம்பம், தனம்மாளின் மூன்று நிமிடம் எல்லாம் உருவம். இரண்டுக்கும் நடுவில் இன்னும் யாரோ பாடப்போகிற கல்யாணி இருக்கிறது. ஒப்பிட்டுச் சண்டை போடுகிற ரசிகர்கள் அந்த நடு நிலையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். ஒரு பதிவில் மட்டும் நின்றுவிட்டவருக்குச் சண்டை போட எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு ஆதிபுரீசுவரர் மேல் கவசம் மறுபடி ஏறிவிடும். மறுநாள் காலை வருகிறவர் அதற்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வடிவுடையம்மன் சன்னதிக்கு நடப்பார். வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். தேரடிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் செல்போனில் ஒருவர் பழைய கல்யாணி ஒன்றை ஓடவிட்டிருக்கிறார். பக்கத்தில் டம்ளரோடு நிற்பவர் கொஞ்சம் குனிந்து கேட்கிறார்: "யார் பாடினது?"