கட்டடத்தின் உருவமும் உள்ளடக்கமும்

பழைய கட்டடமொன்றைப் பாதுகாத்தல் எனும்போது, அதில் பாதுகாக்கப்படுவது யாது என்ற வினா பெரும்பாலும் எழுவதில்லை. சுவரும் தூணும் கண்ணுக்குப் புலனாவன. எனவே அவையே கட்டடம் எனக் கொள்ளப்படுகின்றன. ஆயின் குடியிருப்புக்கென எழுப்பப்பட்ட கட்டடத்திலிருந்து குடிகள் நீங்க, சட்டகம் மாத்திரம் எஞ்சுமாயின், எஞ்சியது அதே கட்டடந்தானா? இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலுள்ள பார்க் ஹில் தொடர்மாடி இதனை வெறும் தருக்கப் பயிற்சியாகவன்றி, வாழ்க்கைப் பிரச்சினையாகவே முன்வைக்கின்றது.

தீசியஸின் கப்பல் பற்றிப் புளூட்டாக் கூறுவது மெய்யியல் மாணவர் அறிந்ததே. உக்கிய பலகைகளுக்குப் பதிலாகப் புதியன பொருத்தப்பட்டுவந்த கப்பல் பழைய கப்பல்தானா என்பது அங்கு வினா. பார்க் ஹில்லின் நிலைமை வேறு. இங்கு பலகைகளிற் சில எஞ்சின, பயணிகளே மாறினர்.

உருக்குத் தொழிலுக்குப் பேர்பெற்ற அந்நகரில், சேரிகள் அகற்றப்பட்ட நிலத்தில், ஜாக் லின், ஐவர் ஸ்மித் ஆகிய கட்டடக் கலைஞர்களின் திட்டப்படி மாநகரசபை அமைத்த இத்தொடர்மாடி 1961 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். மூன்று மாடிகளுக்கு ஒன்றாக அமைந்த, பால்வண்டி ஓடுமளவு அகன்ற நடைதளங்கள் வீட்டு வாயில்களை இணைத்தன. இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்களே அவற்றுக்கும் இடப்பட்டன. அயலவர் இயன்றவரை அயலவராகவே குடியமர்த்தப்பட்டனர். தொழிலாளர்க்கு நல்ல வீடு, அவர்களால் இயன்ற வாடகையில், பொதுப் பணத்தில் என்னும் எண்ணமே இக்கட்டடத்தின் உள்ளடக்கம். கொங்கிறீற்றுச் சட்டகம் அதன் உருவம். இலக்கியத் திறனாய்விற் பழகிய இவ்விரு சொற்களும் இங்கு மிகப் பொருந்துகின்றன.

உருக்காலைகள் நலிந்தன, வேலையின்மை பெருகியது, பராமரிப்பும் குறைய, கட்டடம் பழுதுற்றது. 1998 இல் அது இரண்டாந்தர நட்சத்திரப் பிரிவில் மரபுரிமைக் கட்டடமாக அட்டவணைப்படுத்தப்பட்டது. அச்சட்டம் தோற்றத்தைக் காக்கும். வாடகையைப் பற்றிப் பேசாது. பின்னர் ஏர்பன் ஸ்பிளாஷ் என்ற தனியார் நிறுவனம் புனரமைப்பை மேற்கொண்டது. முதற்கட்டத்தில் கட்டடம் சட்டகம்வரை உரிக்கப்பட்டு, செங்கற்கள் இருந்த இடத்தில் வண்ண அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2013 இல் அது ஸ்டேர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அடுத்த கட்டத்திற் செங்கற்கள் தக்கவைக்கப்பட்டமை உருவத்தைப் பொறுத்தமட்டில் கூடிய நேர்மையெனலாம்.

இடையில் ஒரு சிறு செய்தி. 2001 இல் ஓர் இளைஞன் அங்குள்ள பாலமொன்றிலே தன் காதலியின் பெயரைக் குறித்து, தன்னை மணப்பாயா என எழுதிவைத்தான். அவர்கள் மணந்துகொள்ளவில்லை, அப்பெண் 2007 இல் புற்றுநோயால் மறைந்தாள். புனரமைத்தோர் அவ்வாசகத்துக்கு நியோன் விளக்கிட்டனர். பெயருக்கு மாத்திரம் விளக்கிடவில்லை. வீடு வாங்க வருவோரைக் கவரக் காதல் போதுமாயிருந்தது, காதலிக்கப்பட்டவள் வேண்டப்படவில்லை.

சூழல் சார்ந்த வாதத்தை இதனால் ஒதுக்கிவிடல் ஆகாது. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியால் நேர்வது. நின்ற சட்டகத்தை இடித்துப் புதிதாக வார்ப்பதிலும், அதனையே பேணி வெப்பக்காப்பிடுதல் எவ்வாற்றானும் மேலானது. எனினும் பூமிக்குரிய கடனைத் தீர்த்தமை குடியிருந்தோர்க்குரிய கடனையும் தீர்த்ததாகாது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றன் வரவை மற்றதன் செலவிற் கழித்தலே இத்தகைய திட்டங்களின் வழக்கமான தவறு.

மாநகரசபையிடம் பணமில்லை என்பது இதற்குக் கூறப்படும் விடை. அது மெய்யே. ஆயின் பணமின்மை மழையின்மை போல் இயற்கையாய் நேர்ந்ததன்று. 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் மாநகரசபை வீடுகளை அவற்றின் குடியிருப்பாளர்க்கே விற்க வழிசெய்தது. விற்றவற்றுக்கு ஈடாகப் புதியன கட்டப்படவில்லை. பொது வீடமைப்பைச் சுருக்குவதென்று மனிதர் தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் பயனே பார்க் ஹில்லின் வெற்று நடைதளங்கள்.

முதற்கட்ட வீடுகளில் ஒரு பகுதி வீடமைப்புச் சங்கமொன்றின் வழியாகக் குறைந்த வாடகைக்கு விடப்பட்டது. பெரும்பகுதி சந்தைக்குச் சென்றது. ஆகவே பழைய உள்ளடக்கத்தைப் பேணுதல் இயலாத காரியமாய் இருக்கவில்லை. எத்தனை வீடுகள் என்பதே எஞ்சும் கேள்வி. அவ்வெண்ணிக்கை கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் அன்று, கட்டடத்தைக் கைமாற்றும் உடன்படிக்கையிலே தீர்மானமாவது.