பாதி ஊசி

எதிர் ஃப்ளாட் மாமி ராத்திரி எட்டேகாலுக்கு காலிங் பெல் அடித்தார். கையில் சிரிஞ்ச். 'சார், ஊசி போடறச்சே துள்ளிடுத்து. உள்ள போச்சா, வெளியில கொட்டிடுத்தான்னு தெரியலை. முடியெல்லாம் ஈரமா இருக்கு. இன்னொண்ணு போட்டுடட்டுமா?'

நோயாளி, சோட்டு என்கிற 12 வயதுப் பூனை. எனக்கும் சர்க்கரை உண்டு என்பதால் மாமி கண்ணில் நான் பாதி டாக்டர்.

சோட்டுவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு யூனிட் இன்சுலின். யு-100 மருந்தில் அது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. ஒரு சொட்டுகூட இல்லை. கடைகளில் யு-40 என்று இன்னொரு ரகமும் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு. மாற்றி, யு-100 மருந்தை சிவப்பு மூடிக்காரனில் 'ஒன்று' வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட்! அஞ்சு கிலோ ஜீவனுக்கு இது சின்னத் தப்பில்லை.

மாமி இதிலெல்லாம் கெட்டி. மூடியின் நிறம் பார்ப்பார். சாப்பிட்ட பிறகுதான் ஊசி. பிரச்னை கணக்கில் இல்லை, மனசில்.

'வேண்டாம் மாமி. அடுத்தது காலைலதான்.'

'ராத்திரி பூரா சர்க்கரை ஏறாதோ?'

ஏறும். ஒரு வேளை ஏறினால் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். ஆனால் இரண்டு ஊசியும் உள்ளே போயிருந்தால் சில மணி நேரத்தில் தள்ளாடும், வலிப்பு வரும், செத்தும் போகலாம். முதல் தப்பை நாளைக்குச் சரிபண்ணலாம். மாமியின் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த டாக்டர் சீட்டிலும் இதேதான்: சந்தேகமென்றால் மறுபடி போடாதீர்கள்.

மாமிக்கு சமாதானமாகவில்லை. சும்மா இருப்பது நமக்கு ஏனோ பாவம் மாதிரி இருக்கிறது. அன்பு, 'ஏதாவது பண்ணு' என்று பிடுங்குகிறது. இரண்டாவது ஊசி பூனைக்கா, மாமியின் நிம்மதிக்கா? (கேட்கவில்லை. எனக்கு தினம் காபி தருகிறவர்.) நானாக இருந்தால் 'படபடங்குது, வேர்க்குது' என்று ஊரைக் கூட்டியிருப்பேன். சோட்டு சொல்லாது. சம்மதமும் கேட்க முடியாது. அப்படியென்றால் சந்தேகத்தின் பலன் அதற்குத்தானே சேரவேண்டும், நம் பதற்றத்துக்கா?

1921-ல் டொரான்டோவில் பான்ட்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்தை எடுத்த நாய்களுக்கு ஊசி போட்டுத்தான் இந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அவற்றையும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கடன் என் கணக்கிலும் இருக்கிறது, தினம் இரண்டு வேளை.

சும்மா இருப்பது என்றால் போய்த் தூங்குவதில்லை. தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓடவேண்டும். மாமி தேன் பாட்டிலோடு காவலிருந்தார். பதினோரு மணிக்கு மறுபடி பெல்.

'படுத்துண்டிருக்கு. தூக்கமா, மயக்கமான்னு எப்படி சார் தெரியும்?'

கூடவே போனேன். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்கச் சொன்னேன். சரக்.

ஒரு காது மட்டும் திரும்பியது.